கண்ணீரும் சாட்சியமும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் இருக்கிறது விளாங்குடி. அங்கே ஒரு குடும்பத்துக்கு இன்று அநியாயம் நேர்ந்தால் அது என்ன செய்யும்? முன்பெல்லாம் மனு எழுதிக் கொடுப்போரைத் தேடிப் போகும். தாலுகா கச்சேரி வாசலில் வெயிலில் காத்துக் கிடக்கும். பத்திரிகை நிருபர் எவரேனும் செவி சாய்க்க மாட்டாரா என்று ஏங்கும். இன்றோ கைப்பேசியை முகத்துக்கு நேரே நிறுத்தி மூன்று நிமிஷம் பேசி, அந்த வீடியோவை உலகத்தின் முன் வைத்து விடுகிறது. வாசலில் தேங்கிய சாக்கடையும், கிடைக்காத பட்டாவும், கொடுக்கப்படாத கூலியும், போலீஸ் நிலையத்தில் வாங்கிய அடியும், குழந்தையின் தீராத நோயும் இவ்வாறே இப்பொழுது ஊரார் பார்வைக்கு வருகின்றன.

இது நல்லதா, கெட்டதா என்று அநேகர் தர்க்கம் செய்கிறார்கள். நமது அபிப்பிராயத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. இப்படி எழும்பும் குரல் எப்பொழுது நியாயத்தைப் பெற்றுத் தருகிறது, எப்பொழுது காற்றோடு கரைந்து போகிறது என்பதே கேள்வி. இதற்கு விடை காண ஊகம் எதுவும் அவசியமில்லை. சென்ற பத்துப் பதினைந்து வருஷங்களில் நமது தென் ஜில்லாக்களில் நடந்த காரியங்களே போதுமான பாடமாக இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். 'குறை இருந்தால் மனுக் கொடுக்கலாமே, ஊருக்கெல்லாம் அழுது காட்டுவானேன்?' என்று உபதேசிக்கும் உத்தியோகஸ்தர்களின் கட்சியில் நாம் இல்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் கச்சேரியில் மனு வாங்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் வாங்கப்படும் மனு எல்லாம் படிக்கப்படுவதில்லை. படிக்கப்படும் மனு எல்லாம் பரிகாரம் பெறுவதில்லை. 2017-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி திருநெல்வேலி கலெக்டர் கச்சேரி வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலிக் குடும்பம், இரண்டு சிறு குழந்தைகள் உள்பட நால்வரும், தீயில் மாண்டது. அவர்கள் மனுக் கொடுக்காதவர்கள் அல்லர். பல முறை கொடுத்து அலுத்தவர்கள். அக்கொடுமையைக் கண்டித்துக் கேலிச் சித்திரம் வரைந்த பாலா என்னும் சித்திரக்காரரை அடுத்த மாதமே போலீஸார் கைது செய்தார்கள். மனுவுக்கு மௌனம், சித்திரத்துக்குக் கைது என்றிருந்த அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர் எவரும், பாதிக்கப்பட்டவனைப் பார்த்து 'வாயை மூடிக் கொண்டு வரிசையில் நில்' என்று சொல்லத் துணிய மாட்டார்.

பேசும் உரிமை நமக்கு எளிதில் கிடைத்து விடவில்லை. இணையத்தில் எழுதியதற்காக எவரையும் பிடித்து அடைக்க இடம் கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை, 2015-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட் செல்லாதென்று தள்ளியது. அந்த வழக்குக்குக் காரணமாக இருந்தது, மகாராஷ்டிரத்தில் பால்கர் என்ற ஊரில் 2012-ல் இரண்டு இளம் பெண்கள் பேஸ்புக்கில் வெளியிட்ட ஒரு சிறு அபிப்பிராயத்துக்காகக் கைதானதுதான். தன் கஷ்டத்தைச் சொல்லும் பிரஜைக்கு அந்தத் தீர்ப்பு ஒரு கவசம். அதை எவரும் இலேசாக விட்டுக் கொடுக்கக் கூடாது.

ஆனால் பேச உரிமை இருப்பது வேறு; பேச்சினால் நியாயம் பிறப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மறப்பதனால்தான் இன்று அநேக இளைஞர்கள் ஏமாந்து போகிறார்கள்.

கொடைக்கானலை எடுத்துக் கொள்வோம். வீடியோ ஒன்று ஜெயித்தது என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அதுவே. 2015-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்ற பெண்மணி, ஆங்கிலத்தில் வேகமான தாளத்தோடு ஒரு பாட்டுப் பாடி யூடியூபில் வெளியிட்டார். கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி நடத்திய உஷ்ணமானித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் பாதரச நஞ்சினால் நலிந்தார்கள், கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்பது பாட்டின் சாரம். சில தினங்களில் லக்ஷக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். கடல் கடந்து இருந்த யூனிலீவர் தலைவரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016-ம் வருஷம் மார்ச் மாதத்தில் 591 முன்னாள் தொழிலாளிகள் சம்பந்தமாகக் கம்பெனி உடன்படிக்கை செய்து கொண்டது. மனிதாபிமானத்தை உத்தேசித்தே பணம் தருவதாகவும், தொழிலாளிகளின் நோய்க்குத் தொழிற்சாலை காரணம் அல்லவென்றும் கம்பெனி கூறியது. எவ்வாறாயினும், பல வருஷங்களாகக் கிடைக்காத தொகை கிடைத்தது.

இதைப் பார்த்து, 'மூன்று நிமிஷப் பாட்டு ஒரு பெரிய கம்பெனியை மண்டியிட வைத்தது' என்று சிலர் பூரிக்கிறார்கள். சரித்திரத்தைப் பாதியில் திறந்து படிப்பவர்களுக்கு இப்படித்தான் தோன்றும். அந்தத் தொழிற்சாலை அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்திலுள்ள வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டு வரப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. 2001-ம் வருஷம் மார்ச் மாதத்தில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஊழியர்களும் கண்டுபிடித்தார்கள். அந்த மூட்டைகளே முதல் சாட்சி. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் பாதரசக் கழிவுகள் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயின. தொழிலாளிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். யார் எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார், யாருக்கு என்ன நோய் என்று விவரம் திரட்டினார்கள். 2006-ல் ஹைகோர்ட்டை அணுகினார்கள். மத்திய தொழிலாளர் இலாகாவின் கீழ் நடந்த ஆராய்ச்சி ஒன்று அவர்களுடைய முறையீட்டில் உண்மை இருப்பதாகத் தெரிவித்தது. இவ்வளவும் நடந்து முடிந்து, வழக்கு ஹைகோர்ட்டிலே நிலுவையில் இருந்த பொழுதுதான் பாட்டு வந்தது. பதினான்கு வருஷம் உலர்த்தி அடுக்கிய விறகின் மேல் விழுந்த பொறி அது. விறகில்லாத இடத்தில் பொறி விழுந்தால் என்ன ஆகும்? ஒரு கணம் மின்னி அணைந்து போகும்.

பொறியால் ஆகாத காரியமும் உண்டு. பணம் கைக்கு வந்த பின்னும் மண்ணிலுள்ள பாதரசம் மண்ணிலேயே இருந்தது. எவ்வளவு பாதரசம் மிஞ்சியிருக்கலாம் என்ற அளவுகோல் மேனாட்டுக்கு ஒன்று, நமக்கு ஒன்றா என்று கேட்டு, 2018-ம் வருஷம் சங்கீத வித்வான் டி. எம். கிருஷ்ணாவும் சேர்ந்து இரண்டாவது வீடியோ ஒன்று வெளியாயிற்று. முதற்பாட்டு எழுப்பிய ஆரவாரத்தில் பாதியைக் கூட இரண்டாவது எழுப்பவில்லை. ஜனங்களின் கவனம் என்பது வாடகை வீடு போன்றது. காலம் முடிந்ததும் காலி செய்ய வேண்டியதுதான். நிலம் சுத்தமாகும் வரையில் நிற்க வேண்டியவர்கள் சங்கத்தார்தான்.

இனி, சாத்தான்குளத்துக்கு வருவோம். 2020-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ், அவர் புதல்வர் பென்னிக்ஸ் இருவரையும் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் இருவரும் மாண்டார்கள். அச்சமயம் பாடகியும் வானொலிப் பேச்சாளருமான சுசித்ரா ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட வீடியோ தேசமெங்கும் பரவியது. தென்கோடியில் ஒரு சிற்றூரில் நடந்த கொடுமையை வட இந்தியாவும் அயல் நாடுகளும் அறிந்தது பெரும்பாலும் அதனால்தான். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அதில் சொல்லப்பட்ட சில விவரங்கள் உண்மைக்கு மாறானவை என்று சி.பி.சி.ஐ.டி. போலீஸார் ஆக்ஷேபித்தார்கள்; பின்னர் வீடியோ எடுக்கப்பட்டு விட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? 'எல்லாமே கட்டுக்கதை' என்று சொல்ல ஒரு வாய்ப்பு அல்லவா கிடைத்தது!

அப்படியிருந்தும் வழக்கு சாகவில்லை. ஏன்? ஹைகோர்ட் மதுரைக் கிளை தானாகவே விஷயத்தைக் கையிலெடுத்தது. அதன் உத்தரவின்படி கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட் நேரே போலீஸ் நிலையத்துக்குச் சென்று விசாரித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த மரியாதையைக் கேள்வியுற்ற ஹைகோர்ட், போலீஸ் நிலையத்தையே ரெவினியூ இலாகாவின் பாதுகாப்பில் வைக்கும்படி ஆயிற்று. நிலையத்திலிருந்த காமிராவின் பதிவுகள் தினந்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்ட்ரேட் எழுதி வைத்தார். அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், அச்சத்தையும் மீறி, அன்றிரவு தாம் கண்டதைச் சொன்னார். உலகமெல்லாம் பார்த்த வீடியோவைக் காட்டிலும், யாரும் பார்க்காத அந்த அறையில் அவர் கொடுத்த வாக்குமூலமே வழக்கின் முதுகெலும்பாயிற்று. அந்த வருஷம் டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட், வேறொரு வழக்கில், எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காமிரா இருக்க வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் காப்பாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. சாத்தான்குளத்தில் அழிந்த பதிவுகளை நினைப்பவர்களுக்கு அந்த உத்தரவின் அருமை விளங்கும்.

மூன்றாவது உதாரணம் நமக்கு இன்னும் சமீபம். விளாங்குடியைத் தொட்டுக் கொண்டு ஓடும் வைகை கிழக்கே சென்று திருப்புவனத்தை அடைகிறது. அதன் அருகிலுள்ள மடப்புரம் பத்திரகாளியம்மன் கோவிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார் என்ற இளைஞரை, நகை களவு போனதாக வந்த புகாரின் பேரில், 2025-ம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் போலீஸார் விசாரணைக்குக் கொண்டு போனார்கள். மறு நாள் அவர் பிணமானார். அவரை அடிக்கும் காட்சியை ஒருவர் மறைவிலிருந்து கைப்பேசியில் பிடித்திருந்தார். சில விநாடிகளே ஓடும் படம். அதில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை, கண்ணீர் இல்லை. ஆயினும் அது மதுரைக் கிளையில் நீதிபதிகளின் முன்பு வைக்கப்பட்டது. ஜூலை 1-ந் தேதியே வழக்கை சி.பி.ஐ. வசம் ஒப்புவிப்பதாக முதல் மந்திரி அறிவித்தார். போலீஸ்காரர்கள் கைதானார்கள். படம் பிடித்தவரோ தமக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று கேட்க நேர்ந்தது. சாட்சியத்துக்கு உள்ள பலமும், சாட்சி சொல்பவனுக்கு உள்ள ஆபத்தும் ஒருங்கே இதில் விளங்குகின்றன.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கூவும் படம் ஒன்று; காட்டும் படம் மற்றொன்று. கூவும் படம் ஜனங்களை எழுப்பும். காட்டும் படம் கோர்ட்டிலே நிற்கும். எழுந்த ஜனங்களுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால், அவர்கள் மறுபடியும் படுத்துக் கொள்வார்கள். பத்து லக்ஷம் பேர் பார்த்தார்கள் என்பது பத்துப் பேர் உழைத்தார்கள் என்பதற்கு ஈடாகாது.

வேறொரு வகை வீடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு, ஸோல்ஜென்ஸ்மா என்ற ஒரே ஊசி மருந்தின் விலை ஏறத்தாழ 16 கோடி ரூபாய் என்று பத்திரிகைகளில் வந்தது. 2021-ல் நம் நாட்டில் பெற்றோர் பலர் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு வீடியோவில் கை கூப்பினார்கள். சிலருக்குப் பணம் சேர்ந்தது. கொடுத்தவர்களின் இரக்கம் போற்றத் தக்கது. ஆனால் யாருக்குச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதை நிர்ணயித்தது எது? குழந்தையின் அவசரமா? அன்று. எந்த வீடியோவை எவருக்குக் காட்டுவதென்று தீர்மானிப்பவை கலிபோர்னியாவிலுள்ள கம்பெனிகளின் கணக்கு யந்திரங்கள். சிரிக்கும் குழந்தைக்கு ஒரு விதி, சிரிக்கத் தெரியாத குழந்தைக்கு வேறு விதி என்ற நிலையை எந்த நாகரிக சமூகமும் ஏற்க முடியாது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வெளியாயிற்று. ஒரு வகை நோயாளிகளுக்கு 20 லக்ஷம் ரூபாய் வரை உதவி என்றிருந்தது, 2022-ல் எல்லா வகையினருக்கும் 50 லக்ஷம் வரை என்று விரிவாயிற்று. 16 கோடிக்கு 50 லக்ஷம் எம்மாத்திரம் என்பது வாஸ்தவமே. ஆனாலும் ஒரு குழந்தைக்காகக் கேட்ட தர்மத்துக்கும், எல்லாக் குழந்தைகளுக்காகவும் கேட்ட உரிமைக்கும் உள்ள பேதம் இதில் தெரிகிறது. முன்னது கொடுப்பவன் மனம் மாறினால் நின்று விடும்; பின்னது நாளைக்கு உயர்த்தக் கூடியது, கோர்ட்டில் கேட்கக் கூடியது.

ஆகையால், பொது ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் வீதியில் ஒருவர் கஷ்டத்தோடு கைப்பேசியைத் தூக்கினால் அதைப் பிடுங்காதீர்கள், பரிகாசம் செய்யாதீர்கள். அவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் வீடியோவுக்குக் கால்கள் முளைக்கச் செய்யுங்கள்.

விளாங்குடியையே திருஷ்டாந்தமாக வைத்துக் கொள்வோம். 2011 வரையில் அது தனிப் பேரூராட்சி. அதன் தலைவரை வீதியிலே மடக்கிக் கேள்வி கேட்கலாம். அந்த வருஷத்தில் அது மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்பொழுது நூறு வார்டுகளின் இரைச்சலில் ஒரு வீதியின் சாக்கடைக் குறை அமுங்கிப் போவது சகஜம். அந்தச் சாக்கடையை ஒருவர் வீடியோ எடுத்தால் நாலு பேர் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அநேகமாக, மறு நாள் ஒரு லாரி வந்து அந்த ஒரு வீட்டு வாசலை மட்டும் சுத்தம் செய்து விட்டுப் போகும். அதே வீடியோவோடு இருபது வீட்டாரின் கையெழுத்தும், தேதி போட்ட புகைப்படங்களும், மனு கொடுத்த ரசீதும் இருந்தால்? அந்த வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டால்? முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிலை எடுத்துக் கொண்டு, 2022-ம் வருஷம் நவம்பர் முதல் கூட்டப்பட்டு வரும் பகுதி சபையில் எழுந்து பேசினால்? அப்பொழுது ஒரு வீட்டு வாசல் அல்ல, வீதியே சுத்தமாகும். சொந்தக் குறை பொதுக் காரியமாவது இந்த இடத்தில்தான்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். படம் எடுத்த மூலப் பதிவை வெட்டாமல், ஒட்டாமல், எடுத்த கைப்பேசியோடு காப்பாற்ற வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழோடு வரும்படி கேட்கிறது. நண்பரிடமிருந்து நண்பருக்குத் தாவி வந்த நகல் கோர்ட்டில் தடுமாறும். கண்டதைச் சொல்லுங்கள், கேட்டதைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். ஒருவர் மீது குற்றம் சாட்டினால் அது உண்மையாகவும் பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இல்லாவிடில் அவதூறு வழக்கு உங்களைத் தேடி வரும். பலாத்காரத்துக்கு ஆளான பெண்களின் அடையாளத்தையும், குழந்தைகளின் அடையாளத்தையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம். தர்மப்படி அதைவிடப் பெரிய குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவர் கண்ணீரை எவரும் தம் புகழுக்கு முதலாக்கக் கூடாது. இணையத்தில் ஏறிய முகத்தைத் திரும்ப இறக்குவது யாராலும் ஆகாது.

'இவ்வளவு நிதானம் எங்களுக்கு ஏது? பசித்தவனிடம் ரசீது கேட்கிறீர்களே!' என்று சிலர் கோபிக்கலாம். கோபம் நியாயமானதே. ரசீது தேடும் பாரத்தைப் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றச் சொல்லவில்லை நாம். அது ஊழியர்களின் கடமை. அழுவது அவர் உரிமை. அடுக்குவது நம் வேலை. கொடைக்கானலில் அதைச் செய்ய ஒரு சங்கம் இருந்தது. சாத்தான்குளத்தில் ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் ஒரு பெண் காவலரும் இருந்தார்கள். திருநெல்வேலியில் அந்தக் கூலிக் குடும்பத்துக்கு அப்படி யாரும் இல்லை.

இதே மதுரையில் தனியொருத்தியாக வந்து அரசன் வாயிலில் நின்று முறையிட்ட கண்ணகியின் கதையைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் குரல் பெரிதுதான், கோபமும் பெரிதுதான். ஆனால் பாண்டியனைத் தலை குனிய வைத்தது அவள் கையிலிருந்த ஒற்றைச் சிலம்பும், உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கமும். தெருவெல்லாம் அழுது வந்தவள் சிலம்பைத் தெருவில் விட்டு விட்டு வரவில்லை. இன்று கைப்பேசியோடு நியாயம் கேட்கக் கிளம்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிலம்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் தேடிக் கொடுப்பதும் நம் ஊழியர்களின் பொறுப்பு.